வராதவர் நோட்டு

அந்த அலுவலகத்தில் இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒன்று தடித்த பேரேடு. மருத்துவ முகாமுக்கு வந்தவர்களின் பெயர், ஊர், வாங்கிப்போன மாத்திரை எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். நன்கொடையாளர் வருகிறார் என்றால் மேசைமேல் எடுத்து வைப்பது அதைத்தான். இன்னொன்று அட்டை கிழிந்து செலோடேப் ஒட்டிய 200 பக்க நோட்டு. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. பேச்சில் ‘வராதவர் நோட்டு’ என்று ஆகிவிட்டது. வரவேண்டிய நாளில் வராமல் போனவர்கள் அதில் இருந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தின் ஒரு சின்ன மனநலத் தொண்டு நிறுவனத்தில் 20 ஆண்டுகள் வேலை பார்த்த அந்தச் சமூகப் பணியாளரிடம், “நீங்க என்ன வேலைதான் பார்த்தீங்க?” என்று கேட்டால் இரண்டாவது நோட்டைத்தான் காட்டுவார்.

2005-இல் அவர் சேர்ந்தபோது நிறுவனம் என்பது ஒரு வாடகை வீடு. முன்னறையில் ஆலோசனை, நடுவறையில் அலுவலகம், சமையலறை அலமாரியில் பருப்பு டப்பா இருக்கவேண்டிய இடத்தில் ரிஸ்பெரிடோனும் ஓலன்சபினும். ஆட்கள் மொத்தம் 9 பேர். எம்.எஸ்.டபிள்யூ. படித்துவிட்டு, கையில் நியமனக் கடிதத்தோடு போனவருக்கு முதல் வாரம் கிடைத்த வேலை மாத்திரை எண்ணுவது. முப்பது காலை மாத்திரை ஒரு கவரில், முப்பது இரவு மாத்திரை இன்னொரு கவரில். எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்காகக் காலைக் கவரில் சூரியனும் இரவுக் கவரில் பிறையும் வரைய வேண்டும். அவர் வரைந்த பிறை ஒன்றை வாழைப்பழம் என்று எடுத்துக்கொண்ட ஒரு பாட்டி, பேரனுக்கு மாதம் முழுக்க மாத்திரையைப் பழத்துக்குள் வைத்தே கொடுத்துவிட்டார். நல்லவேளை, கெடுதல் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் அந்த மாதம்தான் பையன் ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை சாப்பிட்டிருந்தான்.

சின்ன இடத்தில் பதவிப் பெயருக்கு அதிக மதிப்பில்லை. நோய் திரும்புகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்கிறவர் பெரும்பாலும் டிரைவர்தான். வழக்கமாக ஜீப்பின் முன்சீட்டில் ஏறிக்கொண்டு வாய் ஓயாமல் பேசுகிறவர் ஒருநாள் பின்னால் போய் உட்கார்ந்தால், அன்று மாலை டிரைவர் மெல்ல வந்து காதில் போடுவார். கணக்கு எழுதும் அம்மாளிடம் நோயாளிகளின் அக்கா தங்கைகள் சொல்கிற விஷயங்கள் ஆலோசனை அறைக்குள் வரவே வராது. மனநலச் சமூகப் பணியாளரோ, வீட்டு வாடகை ஏற்றும் உரிமையாளரிடம் பேரம் பேசிக்கொண்டிருப்பார்.

மருத்துவர் மதுரையிலிருந்து மாதம் இருமுறை பஸ்ஸில் வருவார். மூன்று மணி நேரத்தில் அறுபது பேரைப் பார்க்க வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம். இந்தியாவில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்தான் என்று ஒருமுறை கணக்குச் சொன்னார்கள். அந்தச் செய்தியைச் சமூகப் பணியாளர் படித்துக் காட்டியபோது டிரைவர் கேட்டார்: “அப்ப நம்ம டாக்டர் முக்கால் டாக்டரா மேடம்?” அந்த முக்காலின் மூன்று நிமிடம் வீணாகாமல் இருக்க, அதற்கு முந்தைய அரைமணி நேரத்தைப் பணியாளர்கள் கொடுக்க வேண்டும். ராத்திரி எத்தனை மணிக்குத் தூக்கம் வருகிறது, கை நடுங்குகிறதா, தலையணை எச்சிலில் நனைகிறதா, பெண்கள் என்றால் மாதவிடாய் தள்ளிப்போகிறதா. கடைசிக் கேள்விக்கு யாரும் ஆண் பணியாளரிடம் பதில் சொல்ல மாட்டார்கள். ரிஸ்பெரிடோன் சாப்பிடும் பெண்களிடம் அதைக் கேட்டே ஆகவேண்டும். கேட்காமல் விட்டால் ஒரு மாமியார், மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று ஊருக்கே இனிப்புக் கொடுத்துவிடுவார். அப்படி ஒருமுறை நடந்தது.

அரசாங்கம் இல்லாமல் இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் முதலில் தொடங்கிய இடங்களில் திருச்சி ஒன்று, 1996-97-இல். பிறகு ராமநாதபுரத்துக்கும் வந்தது. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். ஆனால் வராதவரை வீடு தேடிப் போக அங்கே ஆள் போதாது. அந்த இடைவெளியில்தான் இந்த நிறுவனம் காலம் தள்ளியது.

வராதவர் நோட்டில் மூன்று பத்திகள். பெயர், எத்தனை மாதமாக வரவில்லை, காரணம். மூன்றாவது பத்தியைப் படித்தாலே மாவட்டம் கண்முன் வந்துவிடும். ‘சரியாயிடுச்சு’ என்பதுதான் அதிகம். மாத்திரையால் சரியாகி, சரியானதால் மாத்திரையை நிறுத்தி, நிறுத்தியதால் மறுபடியும். ‘பஸ்ஸுக்குக் காசில்லை’, ‘கரிமூட்டம் போட்டிருக்கு’, ‘சாமி வேண்டாம்னுச்சு’, ‘கல்யாணம் பேசுறாங்க’, ‘நோன்பு’, ‘மிளகாய் பறிப்பு’. ஒரே ஒரு முறை, ‘இலங்கைச் சிறை’. எல்லை தாண்டினார்கள் என்று பிடிபட்ட படகில் இருந்தவர் அவர். மருந்துச்சீட்டின் நகலை எங்கே யாரிடம் கொடுத்தால் அக்கரைக்குப் போய்ச் சேரும் என்று அறிய மூன்று நாள் அலைந்தார்கள்.

நோட்டைத் தொடர்ந்து படித்ததில்தான், முகாம் நாளைக் குறிப்பது மருத்துவருடைய வசதியாக இருக்க முடியாது என்பது அவருக்குப் புரிந்தது. விசைப்படகில் போகிறவர்கள் வாரத்தில் சில நாள்தான் கடலுக்குப் போவார்கள். முகாமை அவர்கள் கரையில் இருக்கும் நாளுக்கு மாற்றியதும் ஒரே மாதத்தில் பத்துப் பதினைந்து பேர் அந்த நோட்டிலிருந்து பேரேட்டுக்கு வந்துவிட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் கடற்கரை முகாமில் உட்கார இடம் இருக்காது. குண்டு மிளகாய் பழுக்கும் மாதங்களில் உள்நாட்டு முகாம் காலியாகக் கிடக்கும். ஆண்டறிக்கை எழுதச் சொல்லிக்கொடுக்க வந்த ஒரு ஆலோசகர், இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துவிட்டு, “பணியாளர்களுக்கு ஊக்கம் குறைவு” என்று குறித்துக்கொண்டு போனார்.

வெயிலும் அந்த ஊரில் ஒரு மருந்துப் பிரச்சினைதான். குளோர்புரோமசின் சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் பட்டால் தோல் சீக்கிரம் வெந்துபோகும். உப்பளத்தில் நிற்கிறவரிடம் நிழலில் இருங்கள் என்று எப்படிச் சொல்வது? லித்தியம் இன்னும் சிக்கல். மனஎழுச்சி நோய்க்கு நல்ல மருந்து; ஆனால் நல்ல அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவில் இடம் குறைவு. வியர்வையில் உப்பும் நீரும் போகப்போக ரத்தத்தில் லித்தியம் ஏறும். சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் ஒருவர் சித்திரை மாதத்தில் தள்ளாடிக்கொண்டு வந்தார். வயிற்றுப்போக்கு, கை நடுக்கம், நாக்குக் குழறல். குடித்திருக்கிறார் என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டுவிட்டார்கள். அவர் வாழ்நாளில் குடித்ததில்லை. ஜீப்பில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோய் ரத்தப் பரிசோதனை செய்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அதற்குப் பிறகு கோடையில் லித்தியம் சாப்பிடுகிறவர்கள் வீட்டுக்குச் சமூகப் பணியாளர் தனியாக ஒரு சுற்றுப் போவார். கையில் நோட்டு, வாயில் ஒரே வாக்கியம்: “தண்ணி குடிக்கிறீங்களா? உப்பைக் குறைச்சிராதீங்க.” ரத்தக்கொதிப்புக்கு உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போன நர்சம்மாவுக்கும் இவருக்கும் இடையில் அந்த வீட்டுப் பெண்கள் குழம்பிப்போவார்கள்.

ராமநாதபுரத்தில் மனநலம் என்று வாயெடுத்தால் ஏர்வாடி வராமல் இருக்காது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. அங்குள்ள தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் அதுபோன்ற காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டு, அங்கிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. இதெல்லாம் அவர் சேர்வதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன். ஆனாலும் வீடு வீடாகப் போகையில் சங்கிலி முழுவதும் போய்விடவில்லை என்று பார்த்தார். மாட்டுத்தொழுவத்தில், பின்கட்டில், ஒருமுறை ஓட்டு வீட்டின் நடு அறையிலேயே.

முதல் சங்கிலியைப் பார்த்த அன்று அவர் சத்தம் போட்டார். போலீசைக் கூப்பிடுவேன் என்றார். அந்த அம்மா பதில் பேசவில்லை. மகனின் கணுக்காலில் சங்கிலிக்குள் சுற்றியிருந்த பழைய சேலைத் துண்டைச் சரிசெய்தார். புண்ணாகாமல் இருக்கத் தினமும் துணி மாற்றுகிறாராம். “நா கூலிக்குப் போனா யாரு தாயி பாக்குறது? முன்னாடி ஒருக்க ரோட்டுல லாரிக்குக் குறுக்க போயிட்டான்.” அதன் பிறகு அவர் எந்த வீட்டிலும் சங்கிலியைப் பற்றி முதலில் பேசியதில்லை. மாதம் ஒருமுறை போடும் ஊசியைப் பற்றிப் பேசுவார், மாத்திரையைத் துப்பிவிடும் மகன்களுக்கு அது உதவும் என்று. அவன் தூங்கினால் அம்மாவும் தூங்கலாம் என்பார். அந்த வீட்டில் சங்கிலி கழன்றது ஏழாவது மாதம். கழற்றியதும் அந்த அம்மா அதைத் தூக்கிப் போடவில்லை, ஆட்டுக்குக் கட்டினார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் கூடாது என்று தெளிவாகவே தடை செய்கிறது. அந்தச் சட்டம் தேவை என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் சட்டத்தைக் காட்டி அவர் ஒரு சங்கிலியைக்கூடக் கழற்றியதில்லை.

தர்காவோடும் அவருக்குச் சண்டையில்லை. எல்லா மதத்தவரும் அங்கே வருகிறார்கள். வீடு திரும்ப வேண்டும் என்றால் கனவில் உத்தரவு வரவேண்டும் என்பது நம்பிக்கை. துஆவோடு மருந்தும் கொடுக்கும் ஏற்பாடு பின்னாளில் அங்கேயே வந்தது. குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் அதற்கு முன்பே அப்படி ஒன்று உண்டு. மாத்திரை சாப்பிட ஆரம்பித்த மூன்றாவது வாரம், நன்றாகத் தூங்கியெழுந்த ஒரு பெண், கனவில் உத்தரவு கிடைத்துவிட்டது என்று சொல்லி மூட்டை கட்டினார். யாரால் சரியானது என்று அந்தக் குடும்பத்திடம் அவர் கேட்கப் போகவில்லை. அடுத்த ஊசிக்கான தேதியை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

அவருடைய பெரிய தவறு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்ததும், ஒரு வருடமாகத் தவறாமல் முகாமுக்கு வருகிறவள் என்ற சந்தோஷத்தில், “நல்லாருக்கியாம்மா?” என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். மாத்திரை என்ற சொல்லைக்கூட எடுக்கவில்லை. ஆனால் சின்ன ஊரில் அவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். பெரிய நகரத்து மருத்துவர் தெருவில் இறங்கினால் வெறும் மனிதர். இவர் எங்கே போனாலும் ‘மெண்டல் ஆஸ்பத்திரி மேடம்’. பக்கத்து இலையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் அடுத்த வாரம் நின்றுபோனது. வராதவர் நோட்டில் அவள் பெயரை அவரே எழுதினார். காரணத்துக்கான பத்தியில் தன் பெயரை எழுதலாமா என்று யோசித்து, எழுதாமல் விட்டுவிட்டார்.

அந்த மாதமே ஜீப்பின் கதவில் இருந்த ‘மனநல’ என்ற எழுத்துகளை டிரைவர் தின்னர் வைத்துத் துடைத்தார். ஊருக்குள் போனால் வண்டியை ரேஷன் கடையருகே நிறுத்திவிட்டு நடந்தார்கள். பஸ் ஸ்டாண்டில், கோயில் திருவிழாவில், மீன் மார்க்கெட்டில், அவர் யாரையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. அவர்களாக வந்து பேசினால் உண்டு. தலைக்கனம் பிடித்தவள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கிக் கொடுப்பது தனிக் கதை. மனநோயால் வந்த இயலாமையை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. 40 சதவீதமாவது வந்தால்தான் சலுகைகள். கைகால் குறைபாடு கண்ணுக்குத் தெரியும். இதுவோ நல்ல நாளில் தெரியாது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டு மருத்துவக் குழுவின் முன் உட்காருகிற மகனைப் பார்த்து, இவனுக்கு என்ன குறை என்பார்கள். விஷயம் தெரிந்த அம்மாக்கள் முந்தின வாரமே வந்து தணிந்த குரலில் கேட்பார்கள்: “ஒரு நாலு நாளு மாத்திரை குடுக்காம விட்டுறவா தாயி?” விடக் கூடாது என்று அவர் ஒவ்வொரு முறையும் சொன்னார். சொன்னபடி கேட்டதால் சான்றிதழ் கிடைக்காமல் திரும்பியவர்களின் முகமும் அவருக்கு நினைவிருக்கிறது. பதிலுக்கு அவர் கண்ட வழி, வராதவர் நோட்டின் நகலை இணைப்பது. இரண்டு வருடத்தில் எத்தனை முறை மருந்து விட்டது, அப்போதெல்லாம் என்ன ஆனது, எத்தனை நாள் வேலைக்குப் போனார். அந்தக் கிழிந்த நோட்டுக்கு அரசு மேசையில் கொஞ்சம் மரியாதை கிடைத்தது.

பணம் எப்போதும் இழுபறிதான். பெரிய நிறுவனங்களுக்குப் பேர் இருக்கிறது. 1984-இல் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993-இல் வந்த பான்யன் போன்றவற்றைச் சொன்னால் நன்கொடையாளருக்குத் தெரியும். இவர்களைச் சொன்னால், “ஏர்வாடி பக்கத்துலயா?” என்பார்கள். ஒரு கம்பெனியிலிருந்து வந்த இளைஞர் முகாம் முழுவதையும் ஆர்வமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘முன், பின்’ படங்கள் கேட்டார்: சடைமுடியோடு ஒன்று, முடிவெட்டிச் சிரித்துக்கொண்டு ஒன்று. நோயாளியின் சம்மதம் இல்லாமல் படத்தை ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று 2017 சட்டமே சொல்கிறது என அவர் விளக்கினார். இளைஞர் நல்ல பையன், புரிந்துகொண்டார். பணம் வரவில்லை. 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டபோது, நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியது. பணம் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வரவேண்டும். ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொன்றுக்குப் பகிர்ந்து கொடுக்கவும் முடியாது. கடைசி விதிதான் இவர்களைப் படுக்கவைத்தது, ஏனென்றால் அதுவரை ஒரு பெரிய நிறுவனத்தின் கைவழியாகத்தான் இவர்களுக்கு வந்துகொண்டிருந்தது. ஒன்பது பேர் ஆறு பேரானார்கள். மூன்று மாதம் சம்பளம் பாதி. பயிற்சி கொடுத்து உருவாக்கிய பெண்கள் சென்னைக்கும் கோவைக்கும் போனார்கள். கட்டிப்பிடித்து அழுதுவிட்டுத்தான் போனார்கள். அதில் அவருக்குக் கோபமில்லை.

ராமேஸ்வரம் ரயில் பாதையின் கடைசி ஊர். வடக்கே எங்கோ ரயிலேறி, எங்கே இறங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்தே வருகிறவர்களை ரயில் அங்கே கொண்டுவந்து இறக்கிவிடும். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்று, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும் வரை அவர்கள் மண்டபத்திலும் ராமநாதபுரத்திலும் நின்றார்கள். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வரும்: “மேடம், உங்க ஆளு ஒண்ணு இருக்கு.” அவர்கள் ‘எங்கள் ஆள்’ ஆனது எப்போது என்று அவர் கேட்டதில்லை. ஒருவர் எட்டு மாதம் வாய் திறக்கவில்லை. மருந்து, சாப்பாடு, தூக்கம். ஒருநாள் மதியச் சாப்பாட்டில் கத்தரிக்காயைச் சுட்டு மசித்து வைத்தபோது, மெதுவாக “சோக்கா” என்றார். டிரைவரின் பீகார் நண்பர், பாலம் வேலைக்கு வந்திருந்தவர், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவரோடு போஜ்புரியில் பேச ஆரம்பித்தார். இரண்டு வாரத்தில் ஊர்ப்பெயர் வந்தது. இந்த வேலையையே வாழ்நாள் பணியாகச் செய்யும் மும்பை மருத்துவர் பரத் வாட்வானிக்கு 2018-இல் மகசேசே விருது கிடைத்தது. இங்கே கத்தரிக்காய் வைத்த சமையல்கார அம்மாளுக்கு டிரைவர் ஒரு சேலை வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாவது பத்தியில் ‘இறந்துவிட்டார்’ என்று எழுதிய வரிகளும் உண்டு. அவற்றில் ஒன்றை அவர் புரட்டும்போது இப்போதும் வேகமாகத் தாண்டிவிடுகிறார். ஒரு கல்லூரிப் பெண், நன்றாகத் தேறிவந்தவள். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு முறை போன் செய்திருந்தாள். இவர் உறவினர் வீட்டுக் காதுகுத்தில் இருந்தார், போன் பைக்குள். சாயங்காலம் திருப்பி அழைத்தபோது அவள் அண்ணன் எடுத்தான். அப்போதெல்லாம் தற்கொலை முயற்சியே குற்றம். குடும்பங்கள் மருத்துவமனையில் ‘கால் தவறி விழுந்துட்டா’ என்று சொல்லிச் சமாளிக்கும். வழக்குப் பயத்தில் உண்மையை மறைத்ததால் முதல் முயற்சிக்குப் பிறகு கிடைக்கவேண்டிய உதவி பலருக்குக் கிடைக்காமலே போனது. 2017 சட்டம் அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொன்னது. 2024 ஜூலையில் அதைக் குற்றமாக்கிய பழைய பிரிவும் போனது. இப்போது ராத்திரி பகல் எந்நேரமும் 14416 என்ற எண்ணில் பேச ஆள் உண்டு. அந்த எண்ணை மாத்திரைக் கவரில் சூரியனுக்குக் கீழே ரப்பர் ஸ்டாம்பால் அடித்துக் கொடுத்தார்கள். அந்த இரண்டு அழைப்புகளைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. பெரிய மருத்துவமனைகளில் இப்படி நடந்தால் உட்கார்ந்து பேச ஒரு முறை இருக்கிறதாம். இங்கே மறுநாள் திங்கட்கிழமை முகாம், அறுபது பேர். மத்தியானம் கணக்கு எழுதும் அம்மாள் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கவரில் பிறை வரைய ஆரம்பித்தார்.

2025 ஜூன் மாதம் அவர் வேலையிலிருந்து விலகினார். முழங்கால் வலிதான் காரணம். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குப் பேரேட்டைக் கொடுப்பது சுலபமாக இருந்தது. வராதவர் நோட்டைக் கொடுக்க ஒரு வாரம் ஆனது. எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் மாமனார் இருக்கும்போது மாத்திரைப் பேச்சை எடுக்கக் கூடாது, யாரைப் பார்த்தால் தெரியாததுபோலப் போக வேண்டும் என்பதெல்லாம் நோட்டில் இல்லை.

தடைக்காலம் முடிய இரண்டு நாள் இருந்தபோது இருவரும் துறைமுகத்துக்குப் போனார்கள். படகுகளில் ஐஸும் டீசலும் ஏறிக்கொண்டிருந்தன. பெயின்ட் வாசனை. முகாமுக்கு வராத ஒருவர், முப்பத்தைந்து வயதிருக்கும், வலையை விட்டு எழுந்து வந்தார்.

“அக்கா, ரெண்டு மாசத்துக்கு இருக்கா?”

“ஒரு மாசத்துக்குத்தான். அடுத்த மாசம் இந்தத் தங்கச்சிகிட்ட வந்து வாங்கிக்கணும்.”

அவர் கவரை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, புதுப் பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பெண் இரண்டு நோட்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“முகாமுக்கு வரலை. ஆனா மாத்திரை வாங்கிட்டாரு. இவரை எதுல எழுதணும் மேடம்?”

பதில் சொல்வதற்குள் பின்னால் ஐஸ் வண்டி வந்து ஹாரன் அடித்தது. இருவரும் ஓரமாக ஒதுங்கினார்கள்.